அவர் எழுதியது ஒரே ஓர் எழுத்து

சாமுவேலுக்கு,

‘கண்ணு’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, உன் பெயரை எழுதியிருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நேற்று மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் போன் என் மடியில்தான் இருந்தது. எடுத்தால் பத்து நிமிடத்தில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால் எடுக்கவில்லை. நீ கூரியரில் அனுப்பிய அனுமதித் தாள் வந்து சேர்ந்தது. அந்த மேடைப் படத்தை வெளிநாட்டில் காட்ட அப்பாவுக்குச் சம்மதம் என்று, அவருக்குப் பதிலாக ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அடுத்த வாரம் விமானம், அதற்குள் வேண்டும் என்று மஞ்சள் சீட்டு வேறு ஒட்டியிருக்கிறாய். தாள் கையெழுத்தில்லாமல் இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் இருக்கும். தெரிந்தே நீ மறந்ததுபோல நடந்துகொண்டதால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அப்பா போத்தனூரில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட நிம்மதியாக உட்காரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பக் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். மூளைத்தண்டில் அடைப்பு என்றார்கள். கை, கால், நாக்கு, தொண்டை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கண் மட்டும் மேலும் கீழும் அசைந்தது. அதையும் வெறும் துடிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவருக்கு நினைவே இல்லை என்று எண்ணிக்கொண்டு, ஐந்து வாரம் அவர் தலைமாட்டில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசினோம். பெங்களூரிலிருந்து வந்த நீ, “இப்படியே எத்தன நாளைக்குங்கம்மா?” என்று கேட்டாய். நான், “கர்த்தர் சீக்கிரமா எடுத்துக்கிட்டாத் தேவல” என்றேன். இரண்டையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. கிணத்துக்கடவிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ள வந்த செல்விதான். அவள் வந்த மூன்றாம் நாள், துணி மாற்றிக்கொண்டே, எல்லோரிடமும் பேசுவதுபோல அவரிடமும் பேசியிருக்கிறாள். “ஏனுங்கய்யா, வாய நனைச்சு உடட்டுங்களா? வேணும்னா மேல பாருங்க, வேண்டாம்னா கீழ பாருங்க.” அவர் மேலே பார்த்தார். அவள் சந்தேகப்பட்டு இன்னொன்று கேட்டாள். கீழே பார்த்தார். கையிலிருந்த துணியைக்கூடப் போடாமல் வராந்தாவுக்கு ஓடி வந்து என்னைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா, ஐயா உள்ளதான் இருக்கறாருங்க! உள்ள இருந்துக்கிட்டு நம்மளப் பாத்துட்டு இருக்கறாருங்க!” இன்றைக்கும் அவள் அவரைக் கேட்காமல் ஜன்னல் கதவைக்கூடச் சாத்துவதில்லை. பத்தாவது தாண்டாத பெண். உன் கம்பெனியில் இருக்கும் அத்தனை பேரும் அவளிடம் ஒரு வாரம் வந்து உட்காரலாம்.

அதன்பின் ஓர் அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதினோம். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தனக்கு வேண்டிய எழுத்து வந்ததும் அவர் மேலே பார்ப்பார். முதலில் மெய், பிறகு உயிர், இரண்டையும் நான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தைக்குள் அவருக்குக் கண் எரிந்து நீர் வழியும். அதைப் பார்த்துத்தான் நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தாய். இரண்டு நண்பர்களோடு சரவணம்பட்டியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து அந்தத் தொப்பியைச் செய்தாய். தலைமுடிக்குள் பசையை வைத்துத் தொப்பியை மாட்டினால், எதிரே திரையில் எழுத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னும். தனக்கு வேண்டிய கட்டம் மின்னும்போது ‘இதுதான்’ என்று மூளையில் ஓர் அதிர்வு ஓடும், அதைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குப் படம் போட்டு விளக்கினாய். ஏழு மாதம் அது தப்புத் தப்பாகவே எழுதியது. ஒருநாள் மத்தியானம் முதல்முறையாக ஒரு வரி ஒழுங்காக வந்தது. நாங்கள் எல்லோரும் ஏதோ பெரிய வசனம் வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ‘வலது காது அரிக்குது’ என்று வந்தது. செல்வி பாய்ந்துபோய்ச் சொறிந்துவிட்டாள். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். எத்தனை மாதமாக அந்தக் காது அரித்ததோ! அன்று உன்னைப் பெற்றதற்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். இதை எழுதுவதற்குக் காரணம், எனக்கு உன் மிஷின்மீது கோபம் என்று நீ சொல்லித் திரியக் கூடாது என்பதுதான். உன் மிஷின் நல்ல மிஷின். எனக்குக் கோபம் உன்மீது.

உனக்குச் சின்ன வயதில் திக்கும். அதை நீ யாரிடமும் சொல்வதில்லை, எனக்குத் தெரியும். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்கள் வரும் மருந்தகத்தில் இருபத்தாறு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். எதிரே நிற்பவன் வாயைத் திறப்பதற்குள் “வயித்து வலியா? இந்தா” என்று கொடுத்துப் பழகிய கை. உன் வார்த்தையையும் நானே முடித்துவிடுவேன். நீ ‘த’ என்றால் தண்ணீர், ‘ப’ என்றால் பால். உன் அப்பா மட்டும் முடிக்க மாட்டார். ஆறாவது படிக்கும்போது, ஸ்டேஷன் எதிரே இருந்த பேக்கரியில் உன்னையே கேட்டு வாங்கச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? நீ ‘ப... ப...’ என்று நிற்கிறாய். பின்னால் கூட்டம். கடைக்காரர் ஒரு பன்னை எடுத்துத் தாளில் சுற்றி நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. “இருங்க. அவன் இன்னும் சொல்லி முடிக்கல” என்றார். கடைக்காரர், “ஏனுங்க, பையன் பன்னுதானுங்க கேக்கறான்” என்றார். “அது அவன் சொல்லட்டுங்க” என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் நீ சொன்னாய், ‘பப்ஸ்’ என்று. முட்டை பப்ஸ். அந்த மனிதரைத்தான் நீ மேடையில் ஏற்றி, வாயில் வேறொரு வார்த்தையைத் திணித்தாய்.

அந்த மேடைக்கு வருகிறேன். அவினாசி ரோட்டில் அந்தப் பெரிய ஹோட்டல் கூடத்தில் வெளிநாட்டுக்காரர்களும் பணம் போடுகிறவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையிலேயே அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வண்டியில் ஏற்றிவிட்டோம். கூடத்துக்குள் போனதும் ஏசி முகத்தில் அறைந்தது. செல்வி கையோடு கொண்டுவந்திருந்த கம்பளியை அவர்மேல் போர்த்தினாள். நீ வந்து, “அக்கா, அத எடுத்துருங்க, படத்துல நல்லா இருக்காது” என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன், எடுத்துவிட்டாள். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல். விளக்கு அணைந்தது, திரை எரிந்தது. கட்டங்கள் மின்ன ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் திரையில் ‘கு’ என்று வந்தது. அதன்பின் மளமளவென்று மீதி வந்தது. ‘குரலை என் மகன் எனக்குத் திருப்பித் தந்தான். அனைவருக்கும் நன்றி.’ கூடமே எழுந்து நின்று கை தட்டியது. யாரோ என் தோளைத் தொட்டு இங்கிலீஷில் என்னவோ சொன்னார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இருந்தபோதுதான் இரண்டு விஷயம் உறைத்தது. வீட்டில் ‘தலகாணி’ என்று எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். இங்கே இத்தனை வார்த்தை எப்படி வந்தது? இன்னொன்று, உன்னை ஒருநாளும் அவர் ‘என் மகன்’ என்று சொன்னதில்லை. ‘தம்பி’ என்றுதான் சொல்வார். நான் முன்னால் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். நீ அவர் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றாய்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் அவர் தொப்பியைப் போடவிடவில்லை. செல்வி பசையை எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டுக் குழாயைத் தொட்டாலும் மூடிக்கொள்வார். உடம்பு சரியில்லையோ என்று டாக்டரை வரவழைத்துப் பார்த்தேன். உனக்குப் போன் செய்தேன், மீட்டிங் என்றாய். நாலாம் நாள் நான் பழைய அட்டையைத் தேடி எடுத்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தார். முழுசாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ‘குளிருது’ என்று வந்தது. செல்வி உடனே ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையை எடுத்தாள். அவர் கீழே பார்த்தார். “போதலிங்களா ஐயா? இன்னொன்னு போடட்டுங்களா?” மறுபடியும் கீழே பார்த்தார். எனக்குப் புரியவில்லை. மறுபடி அட்டையைப் பிடித்தேன். ‘அங்க’ என்று வந்தது. குளிருது, அங்க. செல்விதான் முதலில் வாயில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா... கு.”

புரிகிறதா உனக்கு? அத்தனை பேர் முன்னால், விறைத்துப்போய், தன் மகன் செய்த மிஷினை நம்பி, அவர் எழுத ஆரம்பித்தது ‘குளிருது’ என்று. ஒரு போர்வை கேட்டார். நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்கள்.

அன்று சாயந்திரமே உன்னை வரச் சொன்னேன். சமையலறையில் நின்றுதான் பேசினோம், அவர் காதில் விழ வேண்டாம் என்று. நீ முதலில், “ரெண்டு எழுத்து வந்தா மிச்சத்தக் கம்ப்யூட்டரே சொல்லிப்போடும்ங்கம்மா, அது எல்லா போன்லயும் இருக்கறதுதான்” என்றாய். வீட்டு மிஷினிலும் அது உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ‘அழி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தப்பாக வந்தால் அவர் அதைத் தேர்ந்தெடுப்பார். “மேடையில அந்தக் கட்டம் எங்க?” என்று கேட்டேன். நீ குழாயைத் திறந்து கையைக் கழுவினாய். கையில் ஒன்றுமே இல்லை, கழுவினாய். “டெமோவுக்கு மட்டும் எடுத்துப்போட்டேன். தடங்கல் வந்தா எல்லாம் போயிருமுங்கம்மா.” அந்த வாக்கியம்? “எந்த எழுத்துல தொடங்குனாலும் அந்த நன்றி வர்ற மாதிரி முன்னாடியே ஏத்தி வச்சிருந்தேன். அப்பா எப்படியும் அதத்தான சொல்லியிருப்பாரு?” அந்த இடத்தில் உன்னை அறைந்திருக்க வேண்டும். முப்பத்தோரு வயது ஆள் என்று கையை மடக்கிக்கொண்டேன். திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இதே நிலையில் கிடக்கிறாள், ரெண்டு குழந்தை, அவள் புருஷன் தினமும் உனக்குப் போன் செய்கிறான், பணம் வந்தால்தான் தொப்பி அவளுக்குப் போய்ச் சேரும் என்றாய். சேரட்டும். சேர வேண்டும். ஆனால் அந்தப் பெண் ‘கு’ என்று தொடங்கினால் நீ என்ன போடப் போகிறாய், சாமுவேல்? அவள் புருஷனுக்குப் பிடித்ததையா, பணம் போட்டவனுக்குப் பிடித்ததையா? நாக்கு செத்துப்போனவர்களுக்கு நீ நாக்கு தருவதாகச் சொல்கிறாய். அந்த நாக்கை உன் கையில் வைத்துக்கொண்டால், முன்னால் இருந்ததைவிட அவர்கள் கதி மோசம். முன்னாலாவது அவர்கள் பேசவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இவ்வளவு எழுதிய நான் யோக்கியமானவள் இல்லை. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இத்தனை வருஷமாக வைத்திருந்தேன். அட்டையில் பேச ஆரம்பித்த புதிதில் டாக்டர் என்னையும் வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். மறுபடியும் மூச்சு முட்டினால், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்துக் காப்பாற்ற வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று. சும்மா மேலே கீழே பார்த்தால் போதாது, இது பெரிய விஷயம், வார்த்தையாகவே சொல்லட்டும் என்றார். நான் அட்டையைப் பிடித்தேன். முதலில் வ. பிறகு ஏ. ‘வே’. நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, “வேணும்ங்கறாருங்க டாக்டர்” என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். வேணும், வேண்டாம் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிய வேண்டாம் என்றுதான் கீழே வைத்தேன். அப்போது அவர் கண் எங்கே பார்த்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றது. நான் சொன்ன வார்த்தையை வைத்துத் துளை போட்டார்கள். அந்தக் குழாயோடுதான் இன்றுவரை கிடக்கிறார். இரும முடியாது, தினமும் எத்தனை முறை சளியை உறிஞ்சி எடுக்கிறோம், அப்போது அவர் முகம் எப்படிப் போகும், நீயும் பார்த்திருக்கிறாய். நீ அந்தச் சமையலறையில் “எப்படியும் அதத்தான சொல்லியிருப்பாரு” என்றபோது எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததற்கு இதுவும் காரணம். அது என் வாக்கியம். இத்தனை வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நீ போன மறுநாள் அவரைத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அந்தத் தானாக முடிக்கிற வேலையை எப்படி நிறுத்துவது என்று செல்வி உன் நண்பனுக்குப் போன் செய்து கேட்டு நிறுத்திவிட்டாள். ‘அழி’ இருக்கிறதா என்று நானும் அவரும் இரண்டு முறை சோதித்தோம். பிறகுதான் சரி என்று மேலே பார்த்தார். நான் அவர் எதிரே உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். “ஏனுங்க, அன்னைக்கு நீங்க என்ன சொல்ல வந்தீங்க? நான் பாதியில வச்சுப்போட்டேன்” என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. வ. ஏ. ண. அதுவரைக்கும் இரண்டும் ஒரே பாதைதான். ட வந்தது. ‘வேண்டாம்னு.’

நான் மன்னிப்புக் கேட்டேன். சத்தமாக, செல்வி முன்னாலேயே கேட்டேன். அவர் மன்னித்ததாக எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, களைப்பா, தூக்கமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்குச் சொல்லவும் மாட்டேன். ரெண்டு நாள் கழித்து, இனிமேல் அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் ஒரு முற்பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். ‘அப்ப வேண்டாம். இப்ப யோசிக்கறேன். அவசரப்படுத்தாத.’ டாக்டரிடம் அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓர் எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். வெளிநாட்டில் காட்டலாமா என்று. கீழே பார்த்தார். இன்னொரு முறை கேட்டேன். கீழே பார்த்தார். அதனால் படத்தை நீ அழிக்க வேண்டும். அதில் இருப்பது பொய் என்று பணம் போடுகிறவர்களிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். போன பணம் போகட்டும். காது அரிக்குது என்று எழுதினாரே, அதைக் காட்டு. அதற்குக் கை தட்டாதவன் பணம் உனக்கு எதற்கு? தொப்பி விற்கிற ஒவ்வொரு வீட்டிலும் ‘அழி’ கட்டத்தை யாரும் எடுக்க முடியாதபடி செய்து கொடு. உன்னாலும் எடுக்க முடியக் கூடாது. பெற்ற தாய் என்று வந்து கேட்டாலும் எடுக்கக் கூடாது. என்னைப்போலத் தாய்மார்களும் பெண்டாட்டிகளும்தான் முதலில் வந்து கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் காலையில் தொடங்கி, நடுவில் இரண்டு முறை களைத்து நிறுத்தி, அப்பா உனக்கு ஒரு செய்தி எழுதி முடித்திருக்கிறார். நீளமாகவே எழுதியிருக்கிறார். நான் படித்தேன். இந்தக் கடிதத்திலேயே சேர்த்து அனுப்பட்டுங்களா என்று கேட்டதற்குக் கீழே பார்த்தார். நீ நேரில் வந்தால் உன் எதிரிலேயே மறுபடியும் முதல் எழுத்திலிருந்து எழுதுவாராம். நாள் பூராவும் ஆகும். விமானத்துக்கு முன்னால் வருவதா, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வருவதா என்பது உன் பாடு. வந்தால் போனை வாசலில் செல்வியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வா. அவர் முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாதே. அது திட்டா, ஆசீர்வாதமா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அம்மா